மின்சிகரெட் வழக்குச் சொற்கள்

மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று, நிகோடினும் வாசனைச் சரக்கும் கலந்த திரவத்தை ஆவிபோன்ற நுண்துளிப் படலமாக்க, அதனை வாயால் உறிஞ்சி உள்ளிழுக்கும் பழக்கத்தைக் குறித்து, சிறப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பிரிட்டனிலும் தோன்றிப் பரவிய ஆங்கிலக் கொச்சைச் சொற்கள் மின்சிகரெட் வழக்குச் சொற்கள் எனப்படும்.

வேப்: இவற்றுள் தலைமையானது, ஆவி எனப் பொருள்படும் 'வேப்பர்' என்பதன் குறுக்கமாகிய 'வேப்' ஆகும். புகையிலையின்றி இயங்கும் சிகரெட்டுக்கு அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது கடைக்கு வந்து நிலைபெறவில்லை. அப்போது ஆராயப்பட்டுவந்த உள்ளிழுப்புச் சாதனமொன்றைப் பற்றி 1983-இல் 'நியூ சொசைட்டி' என்னும் பிரிட்டிஷ் பத்திரிகை எழுதிய கட்டுரையில் 'வேப்பிங்' என்ற சொல் இடம்பெற்றது. இவ்வாறு பொருளுக்கு முன்னரே பிறந்துவிட்ட இச்சொல், சீன மருந்தியலாளர் ஹோன் லிக் 2003-இல் உருவாக்கிய சாதனம் உலகெங்கும் பரவிய பின்னரே ஜனங்களின் நாவில் ஏறி, 2014-இல் ஆக்ஸ்போர்டு அகராதியினரால் அவ்வாண்டின் சொல்லாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆர்வலர் சொற்கள்: தொடக்ககாலச் சாதனங்களின் வலுவின்மையால் அதிருப்தியுற்றவர்கள், டார்ச் விளக்கின் கூட்டுக்குள் பெரிய மின்கலத்தைப் பொருத்தித் தாமே மாற்றியமைத்துக் கொண்டமையால், மாற்றம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலசையாகிய 'மாட்' அச்சாதனத்துக்கே பெயராயிற்று. சாதாரண சிகரெட்டை 'அனலாக்' என்றும், அதன் உருவத்தையே ஒத்த மின்சிகரெட்டைச் 'சிக்-அ-லைக்' என்றும், திரவத்தை 'ஜூஸ்' என்றும் அவர்கள் வழங்கினர். திரவத்தைச் சூடேறும் சுருளின்மீது நேரடியாகச் சொட்டுச் சொட்டாக விட்டு இழுப்பது 'டிரிப்பிங்'. கிளிசரின் மிகுந்த திரவத்தால் அடர்ந்த வெண்படலத்தை ஊதிப் போட்டியிடுவது, மேகத்தைத் துரத்துதல் என்னும் பொருளில் 'கிளவுட் சேஸிங்'. நிகோடின் தொண்டையில் உறைப்பது 'துரோட் ஹிட்'. அளவுக்கு மிஞ்சி இழுத்ததால் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாவது 'நிக்-சிக்'.

ஜூலிங்: 2015-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'ஜூல்' என்னும் சாதனத்தின் பெயரே வினையாகியது இச்சொல். கணினியில் செருகும் பென் டிரைவைப் போன்று உள்ளங்கையில் மறையும் வடிவமும், நிகோடினைப் பென்சாயிக் அமிலத்துடன் உப்பாக்கிச் சேர்த்ததால் தொண்டையை அதிகம் உறுத்தாத தன்மையும், வகுப்பறையிலும் கழிப்பறையிலும் அதனை ஒளித்து இழுக்க மாணவர்களுக்கு உதவின. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் மின்சிகரெட் உபயோகிப்போர் 2017-இல் நூற்றுக்கு 11.7 ஆக இருந்து, மறு ஆண்டிலேயே 20.8 ஆக உயர்ந்தமையால், 2018 டிசம்பரில் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி இளைஞரிடையே இப்பழக்கம் தொற்றுநோய்போல் பரவிவிட்டதென அறிவித்தார்.

சமூக விளைவு: இச்சொற்களைத் தொகுத்து நோக்கின், புகை, நிகோடின், அடிமைத்தனம் ஆகிய மூன்றையும் பெரும்பாலும் மறைத்து, பழச்சாறும் மேகமும் விளையாட்டுமே முன்னிற்பது புலனாகும். உள்ளிழுக்கப்படுவது வெறும் நீராவியன்று. அதில் நிகோடினும் நுண்துகள்களும் சில உலோகங்களும் கலந்திருக்கலாம். சிகரெட் பிடிப்பதுண்டா என்ற வினாவுக்கு மனச்சான்றோடு இல்லையென்று விடை கூறும் சிறுவன், ஜூலிங் உண்டா என்றால் ஆமென்று ஒப்புக்கொள்ளக்கூடும். ஆகவே இச்சொற்களை அறிவது அகராதிக்காரருக்கு மட்டுமன்றி, மருத்துவர்க்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடமையாகின்றது. மின்சிகரெட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் விளம்பரத்தையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்துள்ள இந்தியாவிலும் 'வேப்' என்னும் சொல் நகர்ப்புற இளைஞரிடையே வழங்குவதால், அக்கடமை இங்கும் உண்டு.