கீழ்த்தொட்டி வந்த வழி

1850களில் லண்டன் வீடுகளில் மீன்தொட்டி வைக்கும் மோகம் பரவியபோது, தொட்டி நீர் தேங்கியே நின்றது. செடி உயிர்வளி தரும், மீன் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அது உண்மைதான், ஆனால் வெயில் பட்டால் கண்ணாடி பச்சை பிடித்தது, நீர் கெட்டது.

புத்தக பைண்டிங் தொழிலிலிருந்து இதற்குள் வந்த வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் வேறு வழி பிடித்தார். நீரை ஓட விட வேண்டும், பெரும்பகுதியை இருட்டில் வைக்க வேண்டும். 1864இல் திறந்த ஹாம்பர்க் காட்சியகத்திலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அதைச் செய்துகாட்டினார். கிரிஸ்டல் பேலஸில் காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய தேக்கம் தரைக்கடியில் இருந்தது. தொட்டிகளில் வழிந்த நீர் அங்கே இறங்கும். நீராவி எந்திரத்தால் ஓடும் பம்ப் அதை மேலே ஏற்றும். வெளிச்சம் படாததால் தேக்கத்தில் பாசி வளராது. நேப்பிள்ஸில் 1874இல் திறந்த ஆன்டன் டோர்னின் காட்சியகத்துக்கும் லாயிட் யோசனை சொன்னார். பவளத்தொட்டி வைத்திருப்பவர் எவரும் மறக்கக்கூடாத பெயர் அது.

அந்த நிலத்தடித் தேக்கம் வீட்டு அலமாரிக்குள் நுழைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதிய தொடர், நெதர்லாந்துப் பாணி வடிகட்டியை அங்கே பரப்பியது. அதோடு தொட்டிக்கடியில் சம்ப் எனும் கீழ்த்தொட்டியை வைக்கும் பழக்கமும் பரவியது.

உருவம் சுருங்கினாலும் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மேல்தொட்டி நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃபுளோவுக்குச் சரிசமமான பம்ப் எது என்று பலரும் தேடுகிறார்கள். அந்தத் தேடலே தேவையில்லை. எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் வழியும். ஓட்டத்தை முடிவு செய்வது பம்ப். ஓவர்ஃபுளோ குழாய்க்கு அதைவிடத் தாராளமான இடம் இருந்தால் போதும். பம்ப் அட்டையில் மணிக்கு 4000 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே ஏறாதபோது தரும் அளவு. ஒன்றரை மீட்டர் ஏறி, இரண்டு மூன்று வளைவு திரும்பும்போது அது குறையும்.

என்னைக் கேட்டால், முதலில் அளக்க வேண்டியது சம்பில் இருக்கும் காலியிடத்தை. மின்சாரம் நின்றதும் வழிமட்டத்துக்கு மேல் நிற்கும் நீர் முழுக்கக் கீழே இறங்கும். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் ஒரு செ.மீ. நீர் என்பது 5.4 லிட்டர். நீர் திரும்பும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால், அது காற்றை இழுக்கும்வரை அந்த வழியாகவும் நீர் பின்னோக்கி இறங்கும். நாலு செ.மீ. குறைந்தால் 21 லிட்டருக்கு மேல். அந்த வாயை மேல்மட்டத்துக்கு அருகில் வைப்பது நல்லது. தடுப்பு வால்வை மட்டும் நம்பக்கூடாது, அதில் சுண்ணாம்பு படியும், நத்தை சிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓவர்ஃபுளோ அடைத்துக்கொண்டால் பம்ப் தன் அறையில் உள்ளதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த அறை சிறியதாக இருந்து, அதன் நீர் முழுவதையும் மேல்தொட்டி விளிம்புக்குள் தாங்கிவிட்டால், தரை நனையாது.

எல்லாம் பொருத்தியபின், ஓடும்போது சம்பில் நீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பம்பை நிறுத்தி, இறங்குவதெல்லாம் இறங்கி முடிந்ததும் இன்னொரு கோடு. ஆவியாகிக் குறைந்ததற்கு நன்னீர் ஊற்றும்போது முதல் கோட்டைத் தாண்டக்கூடாது.