முடிச்சு ஒன்று... வாசல் இரண்டு!

நாகர்கோவில் பக்கம் போனால், இரணியலை அடுத்து நெய்யூர் என்றொரு சின்ன ஊர். திருவிதாங்கூர் ராஜா காலத்தில், 1838-ல், டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கே லண்டன் மிஷன் சார்பில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்று ஒரு சர்ஜன். மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் உத்தியோகம் வேண்டாம் என்று இங்கேயே வந்துவிட்டார்! இருபது வருஷங்களுக்கு மேல் நெய்யூரில் கத்தி பிடித்தார்.

அவர் காலத்தில் ஆபரேஷன் என்றால் கீறித் திறப்பது ஒன்றுதான் வழி. இன்றைக்கோ குழந்தையின் ஹெர்னியாவுக்குக்கூட, ‘கீறிச் செய்யலாமா, கேமரா விட்டுச் செய்யலாமா?’ என்ற கேள்வி வருகிறது. பெற்றவர்கள் முழிக்கிறார்கள். கொஞ்சம் சரித்திரம் தெரிந்தால் முழிக்க வேண்டாம்.

ஆண் குழந்தைக்கு விதைகள் உருவாவது வயிற்றுக்குள்ளே. பிறப்பதற்கு முன் அவை கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால்? குடல் சரிந்து வரும், அதுதான் குடலிறக்கம். வெறும் நீர் மட்டும் இறங்கினால், நம் பாட்டிமார் சொல்லும் ‘ஓதம்’. நூறு குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்குக் குடலிறக்கம் வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெண் குழந்தைகளுக்கும் வருவதுண்டு. இறங்கிய குடல் மாட்டிக்கொண்டு, வீக்கம் இறுகி, குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மத்திய கால ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்த ஹெர்னியா வைத்தியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல சமயம் பையனின் விதையையும் சேர்த்தே வெட்டி எறிந்தார்கள்! 1887-ல் இத்தாலியின் பஸ்ஸினி, தசைகளை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை வெளியிட்டார். பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். குழந்தைக்கு அவ்வளவு தையல் எதற்கு? அதன் தசை நன்றாகத்தானே இருக்கிறது! 1950-ல் சிகாகோவின் வில்லிஸ் பாட்ஸ், பையின் கழுத்தை உயரத்தில் கட்டிவிட்டால் போதும் என்றார். ஒரே ஒரு முடிச்சு!

ஆனால், அந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே ஆபத்து. விந்துக் குழாயும் ரத்தக் குழாய்களும் அந்த மெல்லிய பையோடு ஒட்டிக் கிடக்கின்றன. கீறிச் செய்பவர், கைக்குழந்தையின் நூல் போன்ற அந்தக் குழாயைப் பிரித்தெடுத்தாக வேண்டும். பிசகினால் பாதிப்பு பிற்காலத்தில்தான் தெரியும்.

இங்கேதான் கேமரா வந்தது. 1980-ல் ஜெர்மனியின் குர்ட் செம் சிறு துளை வழியே குடல்வாலை எடுத்தார். 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா அதே வழியில் பித்தப்பையை எடுத்தார். குழந்தைகளின் ஹெர்னியாவும் அந்தப் பத்தாண்டுகளில் இந்த வழிக்கு வந்தது. 2006-ல் போலந்தின் பட்கோவ்ஸ்கி, தொப்புளில் கேமரா, இடுப்பு மடிப்பில் ஓர் ஊசி, அதற்குள் நூல் என்று வேலையை முடித்துக் காட்டினார். அதே முடிச்சு, உள்பக்கத்திலிருந்து!

அப்புறம் ஏன் எல்லா டாக்டர்களும் இதற்கு மாறவில்லை? காரணம் உண்டு. கேமராவுக்கு வயிற்றில் வாயு நிரப்பி, முழு மயக்கம் கொடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு, முதுகில் மட்டும் மருந்து கொடுத்துக் கீறிச் செய்வது சில சமயம் உசிதம். ஆரம்ப நாட்களில் கேமரா முறையில் ஹெர்னியா திரும்ப வருவதும் கூடுதலாக இருந்தது. பழகிய கைகளில் அது குறைந்துவிட்டது. மறுபக்கத்து வழி திறந்திருப்பதைக் கேமரா காட்டிக் கொடுக்கும். அதையும் மூடலாமா? அங்கேயும் சர்ச்சை! திறந்திருப்பதெல்லாம் ஹெர்னியா ஆவதில்லையே. இரண்டு பக்கமும் இருந்தால், அல்லது ஒருமுறை செய்தும் திரும்ப வந்தால், பலரும் கேமராவை விரும்புகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் உள்ள பையனுக்குக் கீறலே போதும் என்பவர்களும் ஏராளம்.

ஆக, ‘எது உசத்தி?’ என்று கேட்காதீர்கள். ‘டாக்டர், உங்க கைக்கு நல்லாப் பழகினது எது? இந்தக் குழந்தைக்கு ஏன் அது?’ என்று கேளுங்கள். நெய்யூரில் சாமர்வெல் முன் நின்ற பெற்றோருக்கு இருந்தது ஒரே வாசல். உங்களுக்கு இரண்டு இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்!