ஊஸ் நதிக்கரையில் ஒரு வளவை நினைவு

தென் இங்கிலாந்தின் லூயிஸ் நகருக்கு அருகே ரொட்மெல் என்றொரு சிற்றூர். பழைய வீடுகள், தேவாலயம், புல்வெளிகளுக்கு அப்பால் ஊஸ் நதி. நாட்காட்டிப் படங்களில் நாம் பார்த்த ஆங்கிலக் கிராமமேதான். அங்கு வருவோரில் பலர் வர்ஜீனியா வூல்ஃப் வாழ்ந்த ‘மங்க்ஸ் ஹவுஸ்’ இல்லத்தைத் தேடி வருகிறார்கள். 1941 மார்ச் 28 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டது இந்த நதியில்தான். நான் தேடிச் சென்றதோ அவருடைய கணவர் லெனார்ட் வூல்ஃபை.

1904இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த லெனார்ட், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணியாற்றியபின், 1908இல் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். அப்போது அவருக்கு வயது 27. எம்பிலிப்பிட்டிய அவருடைய மாவட்டத்துக்குள் அடங்கவில்லை. அது சப்ரகமுவவைச் சேர்ந்தது. ஆனால் அவ்வூரை அடுத்து ஓடும் வளவை கங்கைதான் கீழே இறங்கி, அவர் ஆண்ட நிலத்தின் வழியே அம்பலாந்தோட்டையில் கடலை அடைகிறது. மாவட்ட எல்லை காகிதத்தில் இருந்தது. வறட்சியும் காடும் இரு புறத்துக்கும் பொது.

காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்வோருக்கு அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிராமத் தலைவனின் கையில் ஆயுதமாகிவிட்டால் ஒரு குடும்பம் என்னவாகும்? 1913இல் வெளிவந்த லெனார்டின் ‘காட்டில் ஒரு கிராமம்’ நாவல் சொல்வது அதைத்தான். வேட்டைக்காரன் சிலிந்துவும் அவன் இரு பெண்மக்களும் கடனிலும் வழக்கிலும் சிக்கி அழிகிறார்கள். இறுதியில் ஊரையே காடு விழுங்குகிறது. அந்த ஆட்சி இயந்திரத்தைத் தாமே இயக்கியவர் எழுதியது என்பதால்தான் அந்நூலுக்கு இத்தனை கனம் என்று நான் கருதுகிறேன். 1911இல் விடுப்பில் தாயகம் திரும்பிய அவர் மறு ஆண்டு பதவியைத் துறந்தார். வர்ஜீனியாவை மணந்ததும் அவ்வாண்டே.

1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இந்நாவலைச் சிங்களத்தில் திரைப்படமாக்கினார். லெனார்டாக நடித்தவர், விஞ்ஞானக் கதைகள் எழுதிய அந்த ஆர்தர் சி. கிளார்க்!

ரொட்மெல் வீட்டை அத்தம்பதியர் 1919இல் ஏலத்தில் வாங்கினர். விலை 700 பவுன். 1969இல் இறக்கும்வரை லெனார்டின் வீடு அதுவே. இடையே 1960இல் ஒருமுறை இலங்கைக்குச் சென்று, தாம் பணியாற்றிய இடங்களைப் பார்த்து வந்தார். அப்போது வளவையின் குறுக்கே உடவளவை அணை எழும்பியிருக்கவில்லை. இன்று எம்பிலிப்பிட்டியவைச் சுற்றி நெல்லும் வாழையும் விளைகின்றன.

தோட்டத்தில் இருவருக்கும் மார்பளவுச் சிலைகள் உண்டு. நான் நின்ற வேளையில் வந்தவர்கள் வர்ஜீனியாவின் அருகே படமெடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். லெனார்டின் முன் சற்று நேரம் தனியே நிற்க முடிந்தது.