செவ்வரசியின் ஓட்டம்



ஒரு காப்பிக் கடையில் ஐம்பது கண்ணாடித் தம்ளர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கை தவறியும் மேசை இடித்தும் அவ்வப்போது ஒன்றிரண்டு உடைகின்றன. ஓராண்டு உழைத்த தம்ளர் நாளை உடைவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ, நேற்று வாங்கிவந்த தம்ளருக்கும் அவ்வளவே உண்டு. பழமை அதற்குக் காப்பும் அன்று, கேடும் அன்று. உயிரினங்கள் உலகை விட்டு மறைவதும் இவ்வாறே என்று சொன்னார் ஒருவர். அவர் பெயர் லீ வான் வேலன். அச்சொல்லுக்குக் கிடைத்த வரவேற்பு விந்தையானது.

அமெரிக்க நாட்டு ஆல்பனி நகரில் 1935-இல் பிறந்த இவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சிம்ப்சன், டாப்ஜான்ஸ்கி ஆகிய இரு பேராசிரியர்களிடம் பயின்றார். 1967 முதல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எழுதியன மிகப் பல. யாவும் நிலைத்தன என்று சொல்வதற்கில்லை. திமிங்கிலத்தின் மூதாதையர் மெசோனிக்கிட் என்னும் ஊனுண்ணிகள் என்று 1966-இல் எழுதினார். அக்கருத்து நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. 2001-இல் வெளிவந்த பழந்திமிங்கிலக் கணுக்காலெலும்புகளோ, அவ்விலங்கை மாடு, பன்றி, நீர்யானை ஆகியவற்றின் உறவாகக் காட்டிவிட்டன.

நிற்க. 1970-களின் தொடக்கத்தில் அவர் செய்தது பொறுமையான கணக்கு வேலை. புதைபடிவங்களிலிருந்து ஒவ்வொரு பேரினமும் குடும்பமும் எவ்வளவு காலம் வாழ்ந்தது என்று தொகுத்தார். குறிப்பிட்ட வயதைத் தாண்டி எஞ்சியவை எத்தனை என்பதை மடக்கையில் குறித்து வரைபடம் வரைந்தார். வளைகோட்டை எதிர்பார்ப்பது இயல்பு. நீண்டகாலம் வாழ்ந்த குலம் சூழ்நிலைக்குப் பழகி உறுதி பெற்றிருக்கும் அன்றோ? ஆனால் கிடைத்ததோ ஏறத்தாழ நேர்கோடு. சிப்பிகள் மெதுவாகவும் பாலூட்டிகள் விரைவாகவும் மறைந்தன. எனினும் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் வயது எவரையும் காக்கவில்லை.

காரணம் யாது? ஓர் உயிர் முன்னேறினால் அதன் இரையும் பகையும் ஒட்டுண்ணியும் போட்டியாளரும் பின்தங்குகின்றன. அவையும் மாறியே தீரவேண்டும். ஆகவே எல்லாரும் ஓடுகின்றனர், ஒருவரும் முந்தவில்லை. லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட கதையில், ஆலிஸ் என்னும் சிறுமியின் கையைப் பற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்பதற்காக மூச்சுத் திணற ஓடும் சதுரங்கத்துச் செவ்வரசியின் பெயரை இக்கருத்துக்கு இட்டார் வான் வேலன்.

இக்கட்டுரையை வெளியிட ஆய்விதழ்கள் மறுத்தன. அவர் சோர்ந்துவிடவில்லை, தாமே ஓர் இதழ் தொடங்கினார். பரிணாமக் கோட்பாடு என்பது அதன் பெயர். தோற்றத்தைவிடப் பொருளே முதன்மை என்பது அதன் கொள்கை. அதன் முதல் தொகுதியில் முதற்கட்டுரையாக, முப்பது பக்கங்களில், 1973-இல் இக்கட்டுரை வெளிவந்தது. உதவியவர்க்கு நன்றி கூறும் இடத்தில், தம் விண்ணப்பங்களை ஓயாது தள்ளித் தம்மைக் கோட்பாட்டு ஆய்வின் பக்கம் திருப்பியதற்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கும் நன்றி கூறியிருந்தார்! முதன்முறை படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறை அத்துணைச் சிரிப்பு வரவில்லை.

யார் யாரை மேற்கோள் காட்டுகிறார் என்று எண்ணிக் காட்டும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிடத் தொடங்கினார். இதழ்களின் செல்வாக்கை அளக்கப் பின்னர் ஏற்பட்ட அளவுகோல், முந்திய இரண்டாண்டுக் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களையே கணக்கிடும். வான் வேலனின் கட்டுரையோ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மேற்கோள் பெற்றது, மொத்தம் ஆயிரக்கணக்கில். இரண்டாண்டுக் கோலுக்கு இது அகப்படுமா?

ஆனால் எண்ணிக்கையை மட்டும் கண்டு மகிழ்வோரும் ஏமாறுவர். மேற்கோள் காட்டியோருள் மிகப் பலர் நாடியது அரசியையே, நேர்கோட்டை அன்று. அந்த விதி பின்னர்க் கடும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. டேவிட் ராவ்ப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் 1982-இல் கடல்வாழ் குடும்பங்களை ஆராய்ந்து, பேரழிவுகளை நீக்கிப் பார்த்தாலும் அழிவின் வேகம் காலப்போக்கில் குறைந்துவந்தது எனக் காட்டினர். அதே ஆண்டில் கிரகாம் பெல் என்பார் செவ்வரசியை வேறொரு வீட்டில் குடியேற்றினார்: உயிர்கள் ஆண் பெண் எனக் கூடி இனம்பெருக்குவது ஏன் என்னும் வினாவுக்கு, மாறிக்கொண்டே வரும் ஒட்டுண்ணிகளிடமிருந்து தப்புவதற்கே என்னும் விடைக்கு அப்பெயரைச் சூட்டினார். கோடிக்கணக்கான ஆண்டுகளின் அழிவைச் சொல்லவந்த உவமை, தலைமுறைக்குத் தலைமுறை நடக்கும் போரைச் சொல்லலாயிற்று. அட்டவணையோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணிற்று.

வான் வேலன் 2010-இல் சிக்காகோவில் காலமானார். மறு ஆண்டில் நுண்புழுக்களைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. புழுக்களோடு சேர்ந்து தானும் மாறிவரும் நோய்க்கிருமியின் முன்னே, துணையின்றித் தாமே கருவுறும் கூட்டங்கள் இருபது தலைமுறைக்குள் பூண்டற்றுப்போயின. பிறவற்றோடு கலந்தவை பிழைத்தன. அவ்வாய்வின் தலைப்பிலேயே செவ்வரசி ஓடிக்கொண்டிருந்தாள்.