விசாரணைக்கு முன் ஓர் அனுமதி: ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு நிபந்தனையின் வரலாறு

இந்தியாவின் ஊழல் தடுப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தண்டனைப் பிரிவுகளையும் புதிதாக உருவான அமைப்புகளையுமே வரிசைப்படுத்துகின்றனர். இக்கட்டுரை ஒரு நிபந்தனையை மட்டும் பின்தொடர்கிறது. அதிகாரி மீது விசாரணை தொடங்குவதற்கே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்த நிபந்தனை. உச்ச நீதிமன்றம் அதை இருமுறை நீக்கியது. இருமுறையும் அது சட்டமாகத் திரும்பி வந்தது.

லஞ்சம் வாங்குவதை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அதைத் துப்புத் துலக்கத் தனி அமைப்பு பிறந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். போர்க்காலக் கொள்முதலில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க 1941இல் சிறப்புக் காவல் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 1946இல் அதற்குத் தனிச் சட்டம் கிடைத்தது. 1963இல் அதிலிருந்து சிபிஐ உருவானது. இடையில் வந்த 1947ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும் முன் அனுமதி கேட்டது. ஆனால் அது சாட்சியங்களைத் திரட்டி முடித்தபின், நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கான அனுமதி. விசாரிக்கத் தடை ஏதும் இல்லை. பின்னாளில் அழிந்துபோனது இந்த வேறுபாடுதான்.

லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஊழலைத் தடுக்கும் வழிகளை ஆராய 1962இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவரும் அரசமைப்பு அவையில் உறுப்பினராக இருந்தவருமான க. சந்தானம் அதற்குத் தலைவர். கோப்பு நகர்வதற்கே பணம் கொடுக்கும் வழக்கத்தையும், அதிகாரிகளின் கையில் குவிந்துள்ள விருப்ப அதிகாரத்தையும் அக்குழு ஊழலின் ஊற்றுகளாகக் கண்டது. அதன் பரிந்துரையின்படி 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவானது. தமிழ்நாட்டின் லஞ்ச ஒழிப்புத் துறையும் அதே ஆண்டில் பிறந்ததே. எனினும் மத்திய ஆணையம் வெறும் அரசாணையில் நின்றது. அறிவுரை கூறுவதோடு அதன் எல்லை முடிந்தது.

ஐந்தே ஆண்டுகளில் மாற்றம் வந்தது. 1969இல் மத்திய அரசு சிபிஐக்கு அனுப்பிய உத்தரவு, உயர் அதிகாரிகளை விசாரிக்கும் முன் அரசின் இசைவைப் பெறச் சொன்னது. காலப்போக்கில் இணைச் செயலாளரும் அவருக்கு மேற்பட்டவர்களும் அதன் நிழலுக்குள் வந்தனர். நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டமல்ல அது. நிர்வாகம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பாதுகாப்பு.

அதன் விளைவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஹவாலா வழக்கு. 1991இல் நடந்த சோதனையில், அரசியல்வாதிகள், அதிகாரிகளின் பெயர்ச் சுருக்கங்களும் தொகைகளும் எழுதிய நாட்குறிப்புகள் கிடைத்தன. விசாரணை நகரவில்லை. பத்திரிகையாளர் வினீத் நாராயண் தொடுத்த வழக்கில் 1997 டிசம்பர் 18 அன்று நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. சட்டம் காவல் அமைப்புக்குத் தந்த விசாரணை அதிகாரத்தை நிர்வாக உத்தரவால் பறிக்க முடியாது என்பது அதன் அடிப்படை. ஆணையத்துக்குச் சட்டத் தகுதி, சிபிஐ இயக்குநருக்கு இரண்டாண்டு உறுதியான பதவிக்காலம் ஆகியவையும் அந்தத் தீர்ப்பின் பயன்களே.

ஆணையத்துக்குத் தகுதி தந்த 2003ஆம் ஆண்டின் சட்டமே, நீக்கப்பட்ட நிபந்தனையை 1946ஆம் ஆண்டின் சட்டத்தில் 6ஏ என்ற பிரிவாகத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த செயல் இது. பதவியின் உயரத்தை வைத்துக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று கூறி, 2014 மே 6 அன்று அரசமைப்பு அமர்வு அதையும் ரத்து செய்தது.

1947ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாகப் பின்னர் வந்த ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலையில் திருத்தப்பட்டபோது 17ஏ பிரிவு நுழைந்தது. உயரதிகாரிக்கு மட்டும் இருந்த பாதுகாப்பு எல்லாப் பொது ஊழியருக்கும் விரிந்தது. அலுவல் முறையில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை தொடர்பான புகாராக இருந்தால் அனுமதியின்றி விசாரிக்க இயலாது. அனுமதி குறித்து முடிவெடுக்கக் கெடு மூன்று மாதம். தேவையானால் மேலும் ஒரு மாதம். கையும் களவுமாகப் பிடிபடுவோருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பெரும் ஊழல்கள் ரசாயனம் தடவிய நோட்டுகளில் நடப்பதில்லை. ஒப்பந்தக் கோப்புகளில் போடப்படும் கையெழுத்துகளில் நடக்கின்றன.

நேர்மையான அதிகாரி அஞ்சாமல் முடிவெடுக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த அச்சம் பொய்யல்ல. பொதுநலனின்றி ஒருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம் என்றிருந்த பழைய உட்பிரிவு அதற்கு இடம் தந்தது. ஆனால் 2018ஆம் ஆண்டின் அதே திருத்தம் அந்த உட்பிரிவை நீக்கிவிட்டது. வழக்குத் தொடர முன் அனுமதி கோரும் 19ஆம் பிரிவும் நீடிக்கிறது. ஆகவே விசாரணையின் வாசலில் இரண்டாவது பூட்டு தேவையில்லை. 17ஏ பிரிவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதற்கு மனமில்லையெனில், அனுமதி தரும் பொறுப்பையாவது ஆட்சியிலிருப்பவர்களிடமிருந்து எடுத்துச் சுதந்திரமான அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.