பத்துப் பேர் சேர்ந்தால்தான் பிரார்த்தனை... கொச்சி யூதர்களின் பண்டிகை நாள்கள்!

கொச்சிக்கு டூர் போகிறவர்கள் மட்டாஞ்சேரி 'ஜூ டவுன்' தெருவை மிஸ் பண்ணுவதில்லை. தெருக்கோடியில் இருக்கிறது, 1568-ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக். (நம்ம ஊரில் 'பரதேசி' என்றால் திட்டு. இங்கே வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் அர்த்தம்!)

யூதர்கள் கூட்டுப் பிரார்த்தனையை முறைப்படி நடத்த, 13 வயதைக் கடந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். இதற்கு 'மின்யான்' என்று பெயர். 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலான குடும்பங்கள் அங்கே குடியேறிவிட, இங்கே அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. வெளியூரிலிருந்து வரும் யூதர்களையும் சேர்த்துத்தான் கணக்கு.

ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் பஸ்காவுக்கு எவ்வளவோ நாள் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். பண்டிகை முடியும்வரை புளித்த மாவுப் பண்டம் கூடாது. ஐரோப்பிய யூதர்கள் பலர் அரிசியையும் தொட மாட்டார்கள். கேரளாவில் சோறு இல்லாமல் முடியுமா என்ன? வேறு தானியம் ஒரு மணிகூடக் கலந்துவிடாதபடி அரிசியைத் திரும்பத் திரும்பப் பொறுக்கி எடுத்து வைப்பார்கள் பெண்கள். ஒயின்கூட உலர் திராட்சையில் வீட்டிலேயே தயாராகும்.

வருடம் முழுக்க வாசித்த தோராவை முடித்து, மறுபடி தொடங்கும் நாள் 'சிம்ஹத் தோரா'. சுருள்களைக் கையில் ஏந்திப் பாடியபடி சுற்றி வருவார்கள். கொச்சியில் அந்தக் காலத்தில் சினகாக்குக்கு வெளியேயும் அந்த ஊர்வலம் வந்ததுண்டு.

எனக்கு ஆச்சர்யம், பெண்களின் பாட்டு நோட்டுகள்தான். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாட, மலையாளப் பாடல்களைக் கையால் எழுதிப் பாதுகாத்திருக்கிறார்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்த நோட்டுகளையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். இஸ்ரேலின் நெவாதிம் கிராமத்தில் கொச்சி யூதர்களுக்கென்றே ஒரு சினகாக் இருக்கிறது. பத்துப் பேருக்கு அங்கே பஞ்சமில்லை.