பாயிண்ட் டூ டூ: வரவேற்பறையில் பிறந்த தோட்டா

என்சிசி முகாமுக்குப் போய்வந்தவர்களுக்கு 'பாயிண்ட் டூ டூ' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குப்புறப் படுத்து, ரைபிள் கட்டையைத் தோளில் அழுத்தி, வாழ்க்கையில் முதன்முதலாக விசையை இழுத்தது அந்த .22 அங்குலத் தோட்டாவில்தான். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பித்தளைக் குப்பி, நுனியில் ஈயக் குண்டு. கைத்துப்பாக்கியில் இலக்குச் சுடக் கற்றுக்கொள்ள வருபவர் கையிலும் உலகின் பல நாடுகளில் முதலில் வைக்கப்படுவது இதுதான். வேடிக்கை என்னவென்றால், பயிற்சிக்கென்று யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பணக்கார வீட்டு வரவேற்பறையில் பொழுதுபோக்குக்குச் சுட்டதில் தொடங்கிய வரலாறு இது.

1845-இல் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கிக் கலைஞர் ஒரு எளிய காரியம் செய்தார். அன்றைய துப்பாக்கிகளில் மருந்தைப் பற்றவைக்கச் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றைப் பொருத்துவார்கள். அந்தத் தொப்பியின் வாயிலேயே ஒரு ஈயக் குண்டைச் செருகினார். வெடிமருந்து தனியாகக் கிடையாது. தொப்பியிலிருந்த பற்றுமருந்தின் விசையே குண்டைத் தள்ளியது. சத்தம் குறைவு, புகை குறைவு. கூடத்துக்குள்ளேயே இலக்கு வைத்துச் சுடலாம்.

இந்த விளையாட்டுப் பொருளில் ஒரு வியாபாரத்தைக் கண்டவர்கள் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த ஹோரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸனும். குப்பியைக் கொஞ்சம் நீட்டி, அதற்குள் கருமருந்தை அடைத்து, 1857-இல் ஏழு குண்டு ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தோட்டாதான் பின்னாளில் பாயிண்ட் டூ டூ ஷார்ட் எனப்பட்டது. ரிவால்வரின் உருளையை முழுக்கத் துளைத்துப் பின்புறமாகத் தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் என்பவர் 1855-லேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 சென்ட் தருவதாக அவரோடு ஒப்பந்தம். ஆனால் காப்புரிமையைக் காக்க வழக்கு நடத்தும் செலவு வைட் தலையில். வந்த பணத்தில் பெரும்பகுதியை வழக்குகள் விழுங்கின. 1869-இல் காப்புரிமை காலாவதியானபோது நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றம் வரை போனார். மசோதா நிறைவேறியது, ஜனாதிபதி கிரான்ட் அதை ரத்து செய்துவிட்டார். கம்பெனி செழித்தது, கண்டுபிடித்தவர் கடைசிவரை மனு எழுதிக்கொண்டிருந்தார்.

இன்று நாம் காணும் பாயிண்ட் டூ டூ லாங் ரைபிள் 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனியின் வழியாக வந்தது. சற்று நீண்ட குப்பி, 40 கிரெயின் எடையுள்ள குண்டு, அதாவது சுமார் 2.6 கிராம். பற்றுமருந்து குப்பியின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும். சுத்தியல் விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். சுட்ட குப்பியை மறுபடி நிரப்ப முடியாது. ஆனால் செய்யும் செலவு குறைவு என்பதால் விலையும் மலிவு. நாள் முழுக்கச் சுட்டுப் பழக வேண்டியவருக்கு இது சின்ன விஷயமல்ல.

அதைவிடப் பெரிய காரணம் உதை. அமெரிக்கப் படை 1911-இல் ஏற்ற பாயிண்ட் ஃபோர் ஃபைவ் பிஸ்டலின் குண்டு 230 கிரெயின். பாயிண்ட் டூ டூவைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு எடை. அதைச் சுடும்போது கை மேலே தூக்கும், காது அதிரும். நாலைந்து முறை சுட்டதும் உடம்பு பாடம் கற்றுக்கொள்கிறது, ஆனால் தப்பான பாடம். சுத்தியல் விழுவதற்கு முன்பே மணிக்கட்டு குனிந்துகொள்ளும், கண் மூடிக்கொள்ளும். இதைப் பிடிக்கப் பயிற்சியாளர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. சுடுபவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுவிடுவார்கள். விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆனால் குழல்முனை மட்டும் தரையைப் பார்த்து ஒரு குட்டிக்கரணம் போடும். அதுவரை "துப்பாக்கி சரியில்லை" என்றவர் அதற்குப் பிறகு வாய் திறப்பதில்லை. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் களைவது கஷ்டம். சிறிய தோட்டாவில் தொடங்கினால் அது ஒட்டும் வாய்ப்பு குறைவு.

அமெரிக்கர்களின் 'புல்ஸ்ஐ' போட்டி இந்தப் படிநிலையை விதியாகவே ஆக்கியது. முழுப் போட்டி 270 குண்டு, 2700 புள்ளி. அதில் மூன்றிலொரு பங்கு பாயிண்ட் டூ டூ, அடுத்தது சென்டர்ஃபயர் எனப்படும் நடுப்பற்றுத் தோட்டா, கடைசியாக பாயிண்ட் ஃபோர் ஃபைவ். ஒரே கையால், 25, 50 கெஜ தூரங்களில். பலர் நடுப் பகுதியையும் பாயிண்ட் ஃபோர் ஃபைவிலேயே சுட்டு இரண்டு துப்பாக்கிகளோடு முடித்துக்கொள்வார்கள். பாயிண்ட் டூ டூவை மட்டும் யாரும் விட்டதில்லை.

இதற்கேற்ற துப்பாக்கியும் வேண்டுமே. ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் கம்பெனி பிஸ்டல் 1915-இல் வந்தது. பிறகு 'உட்ஸ்மன்' என்ற பெயரில் புகழ்பெற்றது. அழகான வேலைப்பாடு, அதற்கேற்ற விலை. சாமானியர் கைக்கு எட்டும்படி செய்தவர் வில்லியம் ரூகர். இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்டு வந்த ஜப்பானிய நம்பு பிஸ்டலைப் பிரித்துப் பார்த்துப் படித்த அவர், கைப்பிடிச் சட்டத்தை உலோகக் கட்டியிலிருந்து கடைவதற்குப் பதிலாக, இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி நடுவே பற்றவைத்தார். 1949-இல் விலை 37.50 டாலர். பார்க்க ஜெர்மானிய லூகர் பிஸ்டல் போலிருந்ததும் விற்பனைக்கு உதவியிருக்க வேண்டும்!

ஒலிம்பிக்கில் இந்தச் சின்னத் தோட்டாவின் பெயரை நிலைநாட்டியவர் ஹங்கேரியின் காரோலி டகாச். 1938-இல் இராணுவப் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து, அவர் சுடும் வலக்கை சிதைந்தது. இடக்கையால் பழகினார். 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயரில் தங்கம் வென்றார். ஐந்து இலக்குகளை எட்டு, ஆறு, நான்கு விநாடிகளில் சுட வேண்டிய போட்டி அது. உதை கூடினால் இரண்டாவது இலக்குக்கே கை தாமதமாகும்.

அதனால்தான் இந்தப் போட்டியில் பலர் லாங் ரைபிளையும் விட்டுவிட்டு, ஸ்மித் அண்ட் வெஸன் காலத்து ஷார்ட் தோட்டாவுக்கே திரும்பினார்கள். 1956 மெல்போர்னில் சோவியத் வீரர் செர்காசோவ் கொண்டுவந்த துப்பாக்கியில் குழலே தலைகீழாக, கைக்கு நேராகக் கீழே இறங்கியிருந்தது. குழல்முனை எழும்பவே இடமில்லை. வெள்ளி கிடைத்தது. கொஞ்ச காலத்தில் அந்த வடிவத்தை விதி தடுத்துவிட்டது. ஷார்ட் தோட்டாவோ 2004 ஏதென்ஸ் வரை தாக்குப்பிடித்தது. அதன் பிறகு லாங் ரைபிள்தான் என்று விதி மாறியது. அந்த மாறிய விதியின்கீழ் 2012 லண்டனில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றார்.

பெரிய தோட்டாவுக்கும் விளையாட்டில் இடமுண்டு. 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார்; 2006 தோஹாவில் 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன்செய்தார். ஆனால் அங்கேயும் வீரர்கள் பெரும்பாலும் நாடுவது மென்மையான பாயிண்ட் த்ரீ டூவைத்தான். சினிமாவில் பார்த்த 9 மி.மீ.தான் வேண்டும் என்று வருபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

பாயிண்ட் டூ டூவுக்கும் இங்கே உரிமம் வேண்டும். ஆகவே இந்தியத் தொடக்கக்காரரின் துப்பாக்கி இன்னும் சிறுத்துவிட்டது: 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், 10 மீட்டர் தூரம், அரை கிராம் ஈய ரவை. ஒலிம்பிக்கில் 1988 சியோலில்தான் இது நுழைந்தது. ராணாவிடம் பயிற்சி பெற்ற மனு பாக்கர் 2024 பாரிஸில் வென்ற இரண்டு வெண்கலங்களும் ஏர் பிஸ்டலில் வந்தவை. பாயிண்ட் டூ டூவில் சுட்ட 25 மீட்டர் போட்டியில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம்.